கடைசி வயல்

காக்கைகூட அரண்மனை உத்தரவு கேட்டுக் கரைந்த காலத்தில், வெண்கோட்டையை மகுடசேனன் என்றொரு ராஜா ஆண்டுவந்தார். நல்லவர்தான். ஆனால் கடைசியாக அவர் காதில் யார் பேசினாரோ, அவர் சொன்னதே சட்டம். மழை பொய்த்த ஒரு வருஷம் தவளைகளுக்குக் கண்டன ஓலை அனுப்பியவர் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

அந்தக் காதுக்குப் பக்கத்திலேயே குடியிருந்தவர் பிரதானி தாண்டவராயர். அவருக்கு ஏழூர் நாட்டின் மேல் ஒரு கண். ஒரே ஏரி, ஒரே கால்வாய், அதன் கரையில் வரிசையாக ஏழு ஊர்கள். அங்கே நாட்டாண்மை தாயிடமிருந்து மகளுக்குப் போகும். கல்யாணம் ஆனால் மாப்பிள்ளைதான் மூட்டை கட்டிக்கொண்டு பெண் வீட்டுக்கு வருவார்.

"மகாராஜா, அங்கே பெண்கள் தீர்ப்புச் சொல்ல, மீசை வைத்தவர்கள் கைகட்டி நிற்கிறார்கள். வெளிநாட்டுத் தூதர்கள் கேட்டால் சிரிப்பார்கள்," என்றார் ராயர்.

"சிரிப்பார்களா?" ராஜாவுக்குப் பிறர் சிரிப்பு என்றால் பயம். "அப்படியானால் இனி அந்த நாட்டாண்மை உமக்கு."

ஓலை போன மூன்றாம் நாள் நாட்டாண்மைக்காரி வேலாத்தா சபைக்கு வந்தாள். கூடவே மகள் நல்லாத்தா. வரும் தை மாதம் பொறுப்பேற்க வேண்டியவள் அவள்தான். ஏழு ஊரின் தண்ணீரும் கைமாறப் போகிறதே என்ற கலக்கம் அவள் முகத்தில் தெரிந்தது.

மதகு திறக்கும் இரும்புக் கோலை வேலாத்தா சிம்மாசனத்தின் முன் வைத்தாள்.

"குடுத்துடறேனுங்க மகராசா. ஆனா நாட்டாண்மைக்குன்னு ஒரு வயல் உண்டுங்க. அந்தக் குடும்பம் அதுல விளையறதைத்தான் சாப்பிடணும். வேற ஒரு சாண் நிலமும் வெச்சுக்கக் கூடாது. எந்த வயல் வேணும்னு ராயர் ஐயாவே சொல்லட்டுங்க."

"இதற்கு யோசனை வேறா? ஏரியை ஒட்டிய முதல் வயல். தலைவனுக்குத்தானே முதல் தண்ணீர்," என்றார் ராயர். சபையும் தலையாட்டியது.

ராஜாவுக்கு மட்டும் ஏதோ உறுத்தியது. "அம்மா, உன் வயல் எங்கே இருக்கிறது?"

"ஏழாவது ஊருக்கும் அந்தப்பக்கம், கால்வாய் முடியற எடத்துலங்க. எங்கம்மா, அவங்கம்மா எல்லாரும் அதைத்தான் உழுதாங்க. ஏழு ஊரும் நனைஞ்ச பொறவுதான் எங்களுக்குத் தண்ணி. அதனாலதான் இந்தக் கோலை எங்க கையில குடுத்துட்டு எல்லாரும் நிம்மதியா இருக்காங்க."

ராயர் தன் அங்கவஸ்திரத்தைச் சரிசெய்துகொண்டார்.

"ஆண்களுக்கு ஏன் தருவதில்லை?" என்றார் ராஜா.

நல்லாத்தா முதன்முறையாக வாய் திறந்தாள். "தரக்கூடாதுன்னு இல்லீங்க. கேட்டு வந்தவங்க எல்லாம் முதல் வயலைத்தான் கேட்டாங்க."

ராஜா சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திக்கொண்டு, எழுந்து வந்து இரும்புக் கோலை நல்லாத்தா கையிலேயே கொடுத்தார்.

"ராயரே, அவர்கள் வயலுக்குக் கீழே ஒரு துண்டு நிலம் தருகிறேன். ஒரு போகம் அதை உழுது, விளைவதை மட்டும் சாப்பிடும்."

அவர்கள் புறப்படும்போது வேலாத்தாவிடம் ராஜா தணிந்த குரலில் கேட்டார். "நான் எந்த வயலில் இருக்கிறேன்?"

"அதை எங்களைக் கேக்காதீங்க மகராசா. இந்தக் கோட்டையோட கடைசி வீட்டுல கேளுங்க."

அன்றே ராஜா நடந்து போனார். கடைசி வீட்டில் சுண்ணாம்பு சுடும் அங்காயி கதவைத் திறந்தாள். தண்ணீர் வருகிறதா என்று கேட்டார்.

"அரண்மனைக் குளம் ரொம்பி வழிஞ்சா வரும் சாமி. இந்த வருஷம் இன்னும் வழியல."

திரும்பி வந்ததும் அரண்மனைக் குளத்துக்குத் தண்ணீர் விடும் மதகை மூடச் சொன்னார் ராஜா. கடைசி வீட்டுப் பானை நிறைந்த பிறகே அதைத் திறக்க வேண்டும் என்று உத்தரவு போட்டார். அதற்கப்புறம் தவளைகளுக்கு ஓலை எதுவும் போகவில்லையாம்.