சுகிர்தா போடாத கையெழுத்து

ஜெயசீலன் நில அளவைத் துறையில் இருந்தவர். வேலையை விட்டுவிட்டுப் பேராசிரியர் நாச்சியாரிடம் ஆராய்ச்சி மாணவராகச் சேர்ந்தார். வயதில் நாச்சியார் இளையவர். ஜெயசீலனை ‘சார்’ என்பார், ஜெயசீலன் ‘மேடம்’ என்பார். எல்லைகள் பெண்களின் பிள்ளைப்பேற்றை எப்படி ஆட்டிவைக்கின்றன என்பது ஆய்வு. வரைபடம் போடுவது ஜெயசீலனின் பொறுப்பு.

இலங்கை அகதிகள் முகாமில் இருவரும் பேட்டி எடுத்துக்கொண்டிருந்தபோது சுகிர்தா வந்தாள். இரண்டு பிள்ளைகளின் தாய். கணவன் பெயின்ட் வேலைக்கு வெளியூர் போயிருந்தான். மூன்றாவது தங்கிவிட்டது, கலைக்க வேண்டும், ஆஸ்பத்திரிக்குத் துணைக்கு வர முடியுமா என்று கேட்டாள்.

அன்று மாலை முகாமில் ஆள் கணக்கெடுப்பு. அதற்குள் திரும்பாவிட்டால் பெயரை வெட்டிவிடுவார்கள். அரிசி நின்றுபோகும்.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா இரண்டு காகிதங்களை நகர்த்தினார். ஒன்று கருக்கலைப்புக்கு, இன்னொன்று குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷனுக்கு. இரண்டிலும் கையெழுத்து விழுந்தால்தான் ஆகும் என்றார். முகாம்காரர்களுக்கு அதுதான் வழக்கமாம்.

சுகிர்தா முதல் காகிதத்தில் போட்டாள். இரண்டாவதைத் தொடவில்லை.

“இங்க பிறந்தா அதுக்கு ஊர் இல்ல. எங்கட ஊருக்குத் திரும்பிப் போய் ஒண்டு பெறுவன். ஆபரேஷன் வேண்டாம்.”

டாக்டரம்மா அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

மூவரும் வராந்தாவில் உட்கார்ந்தார்கள். வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. கடைசியில் ஜெயசீலன் பொறுக்க மாட்டாமல், சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்து அவள் முன்னால் நீட்டினார்.

“போட்டுடும்மா. அரிசி நின்னுபோச்சுன்னா ரெண்டு புள்ளைங்களையும் வச்சுக்கிட்டு என்ன பண்ணுவ?”

சுகிர்தா நாச்சியாரைப் பார்த்தாள். நாச்சியார் போடு என்றும் சொல்லவில்லை, போடாதே என்றும் சொல்லவில்லை. அவள் கை பேனாவரை போய் நின்றது. பிறகு மடியில் விழுந்தது.

“மாட்டன் சேர்.”

அதற்குப் பிறகுதான் நாச்சியார் எழுந்தார். பெரிய டாக்டர் ஆபரேஷன் அறையில் இருந்தார். நாச்சியார் வாசலிலேயே நின்று, அவர் வெளியே வந்ததும் மறித்துக்கொண்டார். ஒன்றைச் செய்ய இன்னொன்றைக் கேட்கச் சட்டத்தில் இடமில்லை என்றார். குரலை உயர்த்தவில்லை, வழியையும் விடவில்லை. பெரிய டாக்டர் முகத்தைக் கடுப்பாக வைத்துக்கொண்டே உள்ளே போய்ப் பேசினார். சுகிர்தாவுக்குக் கருவைக் கலைக்க மாத்திரை கொடுத்தார்கள்.

முகாமுக்கு வந்தபோது கணக்கெடுப்பு முடிந்திருந்தது. மறுநாள் விசாரணைக்கு வரச் சொன்னார் அதிகாரி. சுகிர்தா பக்கத்து வீட்டிலிருந்த சின்னவனைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனாள்.

அந்த மாதம் அவளுக்கு அரிசி இல்லை. நாச்சியார் ஆபீஸ் ஆபீஸாக ஏறி இறங்கிய பிறகுதான் பெயர் திரும்ப ஏறியது.

அதன் பிறகு ஒருநாள் ஜெயசீலன் வரைபடத்தை மேசையில் விரித்தார். கடலில் ஒரு கோடு. முகாம் வாசலில் ஒன்று. டாக்டரம்மாவின் அறையில் ஒன்று.

“இன்னும் எங்கயாவது எல்லை இருக்கா மேடம்?”

நாச்சியார் டாக்டரம்மாவின் அறைக்கு வெளியே விரலை வைத்தார்.

“வராந்தாவுல அந்தப் பொண்ணு முன்னால பேனாவை நீட்டினீங்களே சார். அந்த இடத்தையும் குறிச்சுக்குங்க.”