சரிவை விட்டோம்

எங்கள் ஊர் மொண்ணையம்பாக்கம். பேர் வைத்தவன் யோசித்துத்தான் வைத்திருக்கிறான்.

எங்கள் ஏரியில் நத்தைகுத்தி நாரைகள் இறங்கும். அவை எச்சமிட்ட தண்ணீர் மதகு வழியாக வயலுக்கு வரும். எங்களுக்கு வேறு எரு கிடையாது. ஒரு வருஷம் நாரைகள் குறைந்தன. நாரை இல்லையென்றால் நெல் இல்லை. அவ்வளவுதான் விஷயம்.

பறவைகளைப் பற்றிப் படித்த அம்மா ஒருவர் வந்து பார்த்தார். ஏரியைத் தூர்வார மண்வெட்டியோடு நின்ற எங்களிடம், "கரையோரச் சரிவை விட்டுடுங்க. முழங்கால் தண்ணி நின்னா நத்தை சேரும், நாரை இறங்கும்" என்றார். பஸ் வந்தது, போய்விட்டார்.

கூடிப் பேசினோம். தலைவர் வேதகிரி தொண்டையைச் செருமினார்.

"விட்டுடுன்னா என்னய்யா அர்த்தம்?"

"பீடியை விட்டுடுன்னு டாக்டர் சொன்னா, அப்புறம் பீடி இருக்கலாமா தலைவரே?" என்றான் ஏகாம்பரம்.

சரிவு இருக்கக் கூடாது என்று முடிவாயிற்று.

அடுத்தது, யாருடைய முழங்கால்? குட்டையான முழங்காலை வைத்து ஊர் மானத்தை வாங்கக் கூடாது என்றார் வேதகிரி. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். ஊரிலேயே நெட்டை நான்தான். மூளைக்குப் போகவேண்டியதும் காலுக்கே போய்விட்ட உடம்பு. தண்ணீரில் நின்றேன். முட்டியில் சுண்ணாம்புக் கோடு போட்டார்கள். பெருமையாகத்தான் இருந்தது.

கரையோரம் மெல்லச் சரிந்து இறங்கும். ஓரிடத்தில் தண்ணீர் கணுக்கால், கொஞ்சம் உள்ளே கெண்டைக்கால், அப்புறம் தொடை. ஒரே ஏரிக்கு இத்தனை கால் எதற்கு? கோரை, சேறு, நத்தை எல்லாவற்றையும் சேர்த்து வெட்டி எடுத்துச் சமமாக்கினோம். ஏரியோரம் நெடுக என் முழங்கால். வெட்டிய மண்ணைப் பக்கத்து ஊர் ஏரியோரத்தில் கொட்டினோம். அப்பாவிகள், வேண்டாமென்று சொல்லவில்லை.

நாரைகள் இறங்கின. தண்ணீர் நெஞ்சுக்கு வந்தது. அலகால் துழாவின. நத்தை இல்லை. கரையேறி, பக்கத்து ஊரைப் பார்த்து வரிசையாக நடந்தன.

வேதகிரி துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். "நெல்லும் போச்சு."

ஏகாம்பரம் குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தான். "தலைவரே, அதுங்க முட்டியைப் பாருங்க. பின்பக்கம் இருக்கு."

என் முட்டியைத் தடவிப் பார்த்தேன். முன்பக்கம்தான் இருந்தது.

"அதனால?" என்றார் வேதகிரி.

"அதுங்க பின்பக்கமா நடக்குதுங்க. போகலை. வருதுங்க."

ஊருக்கே மூச்சு வந்தது. மறிக்காமல் ஒதுங்கி வழிவிட்டோம்.

நாற்று விட்டாயிற்று. நாரைகள் வந்துகொண்டே இருக்கின்றன. பக்கத்து ஊர் ஏரி வரைக்கும் வந்துவிட்டனவாம்.