பரண்ல ஒளிஞ்ச வாயாடி

ஒரு ஊர்ல ஒரு வாயாடி இருந்தா. ஹாலந்து தேசத்துல. பேரு ஸிப்போரா. யூதக் குடும்பம். அவங்க வேத பாஷையில ஸிப்போரான்னா பறவையாம். யாரு எதைக் கேட்டாலும் முந்திக்கிட்டு பதில் சொல்லுவா. உன்னைச் சொல்லலடி, ஏன் முறைக்கிற? ம் கொட்டு.

அப்போ நாஜிங்கன்னு ஒரு கூட்டம் அந்த நாட்டைப் பிடிச்சுக்கிச்சு. யூதரா பொறந்ததே தப்புன்னு சொல்லி, குழந்தைங்கன்னுகூட பாக்காம ரயில்ல அடைச்சுக் கொண்டுபோய்க் கொன்னாங்க. லட்சம் லட்சமா. ஆமாடி, நெசமா நடந்ததுதான்.

மகளாவது பொழைக்கட்டும்னு அம்மா, ஸிப்போராவை மாடு வெச்சிருந்த யான்னாகிட்ட ஒப்படைச்சா. யான்னா யூதப் பொம்பளை இல்ல. மாட்டிக்கிட்டா அவ உசிருக்கும் ஆபத்து. ஆனாலும் தொழுவத்துப் பரண்ல, வைக்கோலுக்குள்ள ஒளிச்சு வெச்சா.

"சத்தம் போடக்கூடாது."

"மாடு போடுற சத்தமா, எலி போடுற சத்தமா?"

பாரு, அப்பவும் வாய்!

சிப்பாய்ங்க வந்தாங்க. டக் டக் டக். வைக்கோல் மூக்குல ஏறி ஹ... ஹ... தும்மலை அப்படியே முழுங்கிட்டா. அப்புறம் மறுபடி வந்தாங்க. ஒரு கோழி இவ கால் விரலைப் புழுன்னு நினைச்சு கொத்து கொத்துன்னு கொத்துது. பல்லைக் கடிச்சுக்கிட்டா.

மூணாந்தடவை ஒருத்தன் ஏணியில ஏறினான். க்ரீச், க்ரீச். "மேல யாராவது இருக்கீங்களா?"

அய்யோ! கேள்வி கேட்டுட்டானே! "யாருமே இல்ல"ன்னு சொல்ல வாயைத் திறந்துட்டா! சொல்லிட்டாளான்னா கேக்குற? டக்குன்னு சடையை எடுத்து வாய்க்குள்ள திணிச்சுக்கிட்டா. கீழ யான்னா மாட்டை நறுக்குன்னு ஒரு கிள்ளு. மாடு விட்டுது உதை, ஏணி சாய்ஞ்சுது, சிப்பாய் சாணியில தொபுக்கடீர்! கண்டபடி திட்டிக்கிட்டே போயிட்டான்.

அப்புறம் ஒருவழியா நாஜிங்க தோத்து, சண்டை முடிஞ்சுது. "இறங்கி வா, இப்போ எவ்வளவு வேணா கத்து"ன்னா யான்னா. ஆனா கிசுகிசுத்தே பழகினவளுக்கு வெறும் காத்துதான் வந்துது. அம்மாவையும் அப்பாவையும் அந்த ரயில்லதான் கொண்டுபோயிருந்தாங்க. அப்பா திரும்பி வந்தார், ஈர்க்குச்சியா. அம்மா வரல. இல்லடி தங்கம், வரவே இல்ல.

அந்த வெள்ளிக்கிழமை பொழுது சாயறப்போ அப்பா யான்னா வீட்டு மேஜையில ரெண்டு மெழுகுவத்தி வெச்சார். மறுநாள் அவங்களுக்கு ஓய்வு நாள். அதுக்கு முந்தின சாயங்காலம் வீட்ல அம்மாதான் மெழுகுவத்தி ஏத்தி, கண்ணைப் பொத்திக்கிட்டு ஜெபம் சொல்லுவாங்க. அப்பா கிழிக்கக் கிழிக்க தீக்குச்சி பத்தவே மாட்டேங்குது.

"நான்"னா ஸிப்போரா.

ஏத்தினா. கண்ணைப் பொத்திக்கிட்டா. முதல் வார்த்தை காத்தா வந்துது. அப்புறம் கரகரன்னு. அப்புறம் சொன்னா பாரு கணீர்னு, தொழுவத்து மாடெல்லாம் மிரண்டுபோச்சு!

ஜெபம் முடிஞ்சதும் அம்மாவைப் பத்திப் பேச ஆரம்பிச்சா. மெழுகுவத்தி கரைஞ்சு அணைஞ்சுபோச்சு, இவ நிறுத்தல. அப்பா அவளை மடியில வெச்சுக்கிட்டு கேட்டுக்கிட்டே இருந்தார்.

கதையும் களைச்சு வந்து நம்ம பக்கத்துல படுத்தாச்சு. நீயும் தூங்குடி.