தலைகீழாகப் பிடித்த கிளாப் பலகை

இந்தக் கதை என்னிடம் சுற்றித்தான் வந்தது. பூங்கோதையோடு வடபழனி விடுதியில் ஒரே அறையில் இருந்த தோழி சொன்னாள். கேட்டதைக் கேட்டபடி எழுதியிருக்கிறேன். எங்காவது பிசகியிருந்தால் அது என் ஞாபகத்தின் குற்றம்.

சீட்டாட்டத்தில் ஊரை ஏமாற்றும் ஒருவனைப் பற்றித் தயாபரன் என்ற இயக்குநர் படம் எடுத்துக்கொண்டிருந்தார். பூங்கோதை அவரிடம் புதிதாகச் சேர்ந்த உதவி இயக்குநர். ஒவ்வொரு ஷாட்டின் தொடக்கத்திலும் கிளாப் பலகை அடிப்பது அவள் வேலை. கதாநாயகனுக்குச் சீட்டு வித்தை சொல்லித்தர ஆள் தேவைப்பட்டபோது, ஞானசிகாமணியைத் தேடிப் பிடித்ததும் அவள்தான். ஒரு காலத்தில் ரயில் பயணிகளோடு சீட்டாடி, அவர்களை மொட்டையடித்தே பிழைத்தவர் அவர். சிறைக்குப் போய்த் திரும்பி, பல்லாவரத்தில் மகள் ஜெயசீலியின் வீட்டில் இருந்தார்.

ஜெயசீலி பள்ளி ஆசிரியை. அப்பாவிடம் ஏமாந்த ஒருவர் அவள் பள்ளி வாசலுக்கே வந்து கூச்சல் போட்டதில், அந்த வேலையையே விட்டுவிட்டு வேறு பள்ளிக்குப் போனவள். இனி சீட்டைத் தொடுவதில்லை என்று அவர் வாக்குக் கொடுத்த பிறகுதான் வீட்டுக்குள் சேர்த்தாள்.

"வாயால சொல்லித் தரட்டும்" என்றாள் பூங்கோதையிடம். "கையில சீட்டு எடுத்தாருன்னு தெரிஞ்சா, அவர் பெட்டிய வாசல்ல வச்சிருவேன். நீதான் பாத்துக்கணும்."

"நான் பாத்துக்கறேன்கா" என்று பூங்கோதை சொல்லிவிட்டாள்.

ஞானசிகாமணி வாக்கில் உறுதியாகத்தான் இருந்தார். பழைய கல்யாணப் பத்திரிகைகளைச் சீட்டு அளவுக்கு வெட்டிச் சட்டைப் பையில் வைத்திருப்பார். செய்து காட்ட வேண்டியதை அவற்றில்தான் செய்து காட்டுவார்.

"எத்தனை கல்யாணத்த அறுத்தீங்க மாஸ்டர்?" என்று லைட்மேன் ஒருவர் கேட்டார்.

"எல்லாம் நடந்து முடிஞ்ச கல்யாணம்தான் தம்பி. இனிமே அவங்க பாடு."

படத்தின் முக்கியமான காட்சி ஒரு மனமகிழ் மன்றத்தில். மேல்சீட்டை எடுப்பதுபோல் காட்டி, கட்டின் அடிச்சீட்டை உருவிப் போட வேண்டும். மன்றத்தில் அன்று மாலை வரைதான் அனுமதி. கதாநாயகனுக்கு விரல் ஒத்துழைக்கவில்லை. ஒவ்வொரு தடவையும் சீட்டு பிதுங்கிக்கொண்டு வெளியே தெரிந்தது. ஞானசிகாமணியின் கைகளை மட்டும் படம் பிடிக்கலாம் என்றார் தயாபரன். "மன்னிச்சிருங்க சார், அது மட்டும் முடியாது" என்றார் அவர்.

தயாபரன் பூங்கோதை பக்கம் திரும்பினார். எல்லோருக்கும் கேட்கும்படியே சொன்னார்: "நீ கூட்டிட்டு வந்த ஆளு. இன்னைக்கு இந்த ஷாட் வரலைன்னா, நாளையிலேர்ந்து நீயும் வர வேண்டாம்."

அவள் குடும்பத்தில் கல்லூரிக்குப் போன முதல் ஆள் அவள். படித்துவிட்டு சினிமாவுக்கா என்று கேட்ட அப்பாவுக்கு இன்னும் அவள் பதில் சொல்லி முடிக்கவில்லை.

கொஞ்ச நேரம் கழித்துத் தயாபரன் குரலைத் தணித்துக்கொண்டார். "சரி மாஸ்டர், ஷூட் பண்ணல. இவருக்கு ஒரு தடவை செஞ்சு காட்டுங்க, அது போதும்."

அதே நேரத்தில் அவர் பூங்கோதையைப் பார்த்து உள்ளங்கையைக் கவிழ்த்துக் காட்டினார். சொல்லாமல் கேமராவை ஓடவிடும்போது தொடக்கத்தில் கிளாப் அடிக்க முடியாது. முடிந்த பிறகு பலகையைத் தலைகீழாகப் பிடித்து அடிப்பார்கள். அதற்கான சைகை அது. கேமரா உதவியாளர் கேமரா ஓடுவதைக் காட்டும் சிவப்பு விளக்கின் மேல் கறுப்பு டேப்பை ஒட்டியதையும் அவள் பார்த்தாள். வாயைத் திறந்தால் போதும். அவள் திறக்கவில்லை.

கதாநாயகன் ஞானசிகாமணியின் வலப்பக்கம் உட்கார்ந்து குனிந்தான். கேமரா இடப்பக்கம். ஞானசிகாமணி ஒரு நொடி சுற்றிலும் பார்த்தார். பிறகு மேசையில் இருந்த சீட்டுக்கட்டைக் கையில் எடுத்தார். மணிக்கட்டை இடப்பக்கமாகச் சாய்த்து, அடிச்சீட்டை உருவிப் போட்டார்.

"மாஸ்டர், எனக்கு ஒண்ணும் தெரியலையே" என்றான் கதாநாயகன்.

பூங்கோதை பலகையைத் தலைகீழாகப் பிடித்து அவர் கைகளுக்கு முன்னால் அடித்தாள். ஞானசிகாமணி அதைப் பார்த்தார். "எடுத்துட்டீங்களா பிள்ளை?" என்று மட்டும் கேட்டார்.

அன்று சாயங்காலம் அவரைப் பல்லாவரத்தில் விட ஆட்டோவில் அவளும் போனாள். கதவைத் திறந்த ஜெயசீலி அப்பாவை விட்டுவிட்டு அவள் முகத்தைத்தான் பார்த்தாள்.

"தொட்டாரா?"

பொய் சொல்லப் பூங்கோதைக்கு நா எழவில்லை. "தொட்டாருக்கா. ஷூட் பண்ணலன்னு சொல்லி நாங்கதான் ஏமாத்தி எடுத்தோம். எனக்குத் தெரியும், நான் தடுக்கல. அவர் மேல தப்பில்ல."

ஞானசிகாமணி தலையைக் குனிந்துகொண்டு நின்றார். ஜெயசீலி வழிவிட்டு ஒதுங்கி நின்றாள். பிறகு, "நீங்க உள்ள போங்கப்பா" என்றாள். பூங்கோதையிடம், "இனிமே இந்தப் பக்கம் வராதே" என்று சொல்லிக் கதவைச் சாத்தினாள்.

கதை இங்கே நிற்கிறது. பொய் சொல்லிக் கேமராவை ஓடவிட்டவர் இயக்குநர். தெரிந்தும் வாயை மூடிக்கொண்டவள் பூங்கோதை. சீட்டைத் தொட்டவர் ஞானசிகாமணி. இவர்களில் அந்த வாக்கைக் கெடுத்தது யார்?

விடை: ஞானசிகாமணிதான், அதுவும் தெரிந்தே. சொல்லித்தர மட்டும் என்றால் பையில் இருந்த பத்திரிகைத் துண்டுகளே போதும். நிஜச் சீட்டு கேமராவுக்குத்தான் தேவை. வலப்பக்கம் இருந்தவனுக்குக் காட்டுகிறவர் இடப்பக்கம் சாய்த்துப் பிடிக்க மாட்டார். ஏமாந்ததுபோல் நடித்து, அந்தப் பெண்ணின் வேலையைக் காப்பாற்றிவிட்டார். அதுவரை சரி. ஆனால் வாசலில் அவள் பழியை ஏற்றபோது அவர் பேசாமல் நின்றாரே, அது சரிதானா என்று எனக்கு இன்னும் தெரியவில்லை. பூங்கோதை இன்றுவரை தான்தான் ஏமாற்றியதாக நினைத்துக்கொண்டிருக்கிறாள்.

படம் வெளியானதும் போய்ப் பார்த்தேன். சந்தேகம் தீராமல் இன்னொரு முறையும் பார்த்தேன். அந்தக் காட்சி முழுவதும் கதாநாயகனின் முகம்தான் வருகிறது. அன்று எடுத்த அவர் கைகள் ஓரிடத்திலும் இல்லை.