உறைக்காத நாடு

முன்னொரு காலத்தில், செடிகொடிகள் வாய்திறந்து பேசிய நாளில், வேங்கைநாட்டில் ஒரு ராஜா இருந்தான். ஜனங்களின் அழுகுரல் கேட்டுக் கேட்டு அவன் தூக்கம் போயிற்று. கூகையன் என்ற மந்திரவாதியைக் கூப்பிட்டு, "இனி எந்த வேதனையும் என்னைத் தொடக் கூடாது" என்றான்.

கூகையன் தன் பையிலிருந்து ஒரு பிடி சாம்பலை எடுத்து ஊதினான். ராஜாவுக்கு மட்டுமா? நாட்டுக்கே உடம்பு மரத்துப்போயிற்று.

அடுப்பில் கை வெந்தது, உறைக்கவில்லை. காலில் முள் ஏறியது, உறைக்கவில்லை. களஞ்சியத்து நெல்லைக் கூகையன் பட்டப்பகலில் வண்டிவண்டியாக ஓட்டிப்போனான். அதுவும் யாருக்கும் உறைக்கவில்லை.

அந்த நாட்டில் செவந்தி என்றொரு இளம் தாய். குழந்தை மார்பைச் சப்பியது அவளுக்கு உறைக்காததால் பாலும் சுரக்கவில்லை. குழந்தை நாளுக்கு நாள் வற்றியது. அவளுக்குள் மட்டும் எங்கோ ஆழத்தில் எறும்பு ஊர்வதுபோல ஏதோ ஒன்று.

"எல்லார் வீட்டிலும் இப்படித்தான். விடு புள்ள" என்றான் புருஷன் கதிரப்பன்.

அவள் விடவில்லை. குழந்தையோடு மூலிகை தேடிக் காட்டுக்குப் போனாள். வழியில் குழந்தையின் கால் ஒரு தொட்டாற்சிணுங்கியில் பட்டது. கிளை மொத்தமும் சுருங்கியது.

"ஒரு இலையில்தானே பட்டது?" என்றாள் செவந்தி.

"பட்ட இலை பக்கத்து இலைக்குச் சொல்லும்" என்றது செடி. "வாங்கியதை அப்படியே சொல்லாது, தன் பங்கையும் சேர்த்துச் சொல்லும். அதனால் எவ்வளவு தூரம் போனாலும் சேதி தேயாது."

"எனக்குள்ளே ஒரு துளி வலிதானே மிச்சம்?"

"துளி போதும் தாயே. ஆனால் பிறகு விரியவும் தெரியணும். சுருங்கியே கிடந்தால் நானும் பட்டுப்போவேன்."

வீட்டுக்கு ஓடிவந்தாள். கதிரப்பனின் விரலைக் குழந்தையின் விலா எலும்பில் வைத்து அழுத்தினாள். "உறைக்குதா மாமா?"

"இல்ல."

"உறைக்குதா?"

"இல்ல புள்ள."

விரலை எடுக்கவிடாமல் அழுதாள். "இப்போ?"

அவன் குனிந்து குழந்தையின் முகத்தைப் பார்த்தான். "ஏதோ... கொஞ்சம்."

"அந்தக் கொஞ்சத்தை ரெண்டு பேருக்குக் குடு. உன் பங்கையும் சேர்த்துக் குடு."

இரண்டு நாலாயிற்று, நாலு எட்டாயிற்று. தெருவுக்குத் தெரு பெருகிய அழுகை அரண்மனையில் மோதியபோது ராஜா சிம்மாசனத்திலிருந்து விழுந்தான். கூகையனின் சாம்பல் பை வெடித்தது. திருடிய நெல்லை விட்டுவிட்டு அவன் ஆந்தையாகிப் பறந்தான்.

மந்திரம் உடைந்ததும் இத்தனை நாள் வலியும் ஒன்றாக வந்து இறங்கியது. "தாங்க முடியவில்லை! கூகையனைக் கூப்பிடுங்கள்!" என்று ராஜா அலறினான்.

"பொறுங்க மகாராஜா" என்றாள், அழுத கூட்டத்தோடு அரண்மனைக்கு வந்திருந்த செவந்தி. "அழுது தீர்த்தா அடங்கும். முதல்ல வெந்த கைக்கு மருந்து போடுவோம்."

ராஜாவே மருந்துக் கிண்ணத்தைத் தூக்கிக்கொண்டு வீடுவீடாகப் போனான். அழுகை மெல்ல மெல்லத் தணிந்தது. மீட்ட நெல்லில் முதல் வண்டி செவந்தி வாசலுக்கு வந்தது.

அவள் அதைப் பார்க்கவில்லை. சப்பச் சப்பப் பால் பெருகிக்கொண்டிருந்தது. திடீரென்று, முளைத்திருந்த ஒற்றைப் பல்லால் குழந்தை நறுக்கென்று கடித்தது.

"ஆ!" என்று கத்தினாள் செவந்தி. கத்திவிட்டு, விழுந்து விழுந்து சிரித்தாள்.