பெருநூல் கேட்டால் நூற்கண்டு வந்தது

கொடிமலைக் காட்டுக் குளக்கரையில் ஒரு மான்குட்டி துவண்டு கிடந்தது. ஏதோ ஒரு நீலக் காயைத் தின்றுவிட்டது, பாவம். தாய்மான் அழுதுகொண்டே பக்கத்தில் நின்றது. காட்டுக்கு வைத்தியம் பார்க்கும் உடும்பு, குட்டியின் வாயில் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விட்டது.

"இந்த விஷத்துக்கு மருந்து பெருநூலில் இருக்கிறது. நான் இங்கிருந்து நகர முடியாது. யாராவது ஆலமரப் பொந்துக்குப் போய் எடுத்து வாருங்கள்!"

"இதோ, நான்!" என்று பாய்ந்தது தாவன் என்ற குரங்கு. அதைவிட வேகமாக மரம் தாவ அந்தக் காட்டில் ஆள் இல்லை.

பாதி வழியில் தாவனுக்குக் குழப்பம் வந்தது. 'பெருநூலா? அப்படியென்றால் என்ன? திரும்பிப் போய்க் கேட்டால் சிரிப்பார்களே! பெரிய நூல், அவ்வளவுதானே? மருந்தில் தோய்த்து வைத்திருப்பார்கள்!'

பொந்தின் உச்சியில் ஒரு பெரிய நூற்கண்டு தொங்கியது. தாவன் அங்கிருந்த ஒரு தடித்த புத்தகத்தின்மேல் ஏறி நின்று, அதை அவிழ்த்துக்கொண்டு பறந்து வந்தது.

உடும்பு திகைத்தது. "இது எதற்கு? பட்டம் விடவா?"

"நீங்கள்தானே பெருநூல் கேட்டீர்கள்?"

"ஐயோ, நான் கேட்டது புத்தகம்!"

மான்குட்டியின் மூச்சு மெலிந்துகொண்டே வந்தது. தாய்மான் தாவனைப் பார்த்து, "அண்ணா, சீக்கிரம்!" என்று கதறியது. தாவனுக்கு உடம்பெல்லாம் கூசியது. மறுபடியும் ஓடத்தான் கால் துடித்தது. ஆனாலும் நின்றது.

"வைத்தியரம்மா, எனக்குத் தெரியவில்லை. பெருநூல் என்றால் என்ன?"

யாரும் சிரிக்கவில்லை. "எனக்கும் தெரியாது" என்றது தாய்மான்.

உடும்பு படபடவென்று சொன்னது: "ஒரு துறையை ஆழமாக ஆராய்ந்து, விரிவாக எழுதிய பெரிய புத்தகம்தான் பெருநூல். தடியாக இருந்தால் மட்டும் போதாது. குண்டான கதைப்புத்தகத்தை யாரும் பெருநூல் என்று சொல்வதில்லை. நமக்கு வேண்டியது செடிகளைப் பற்றிய பெருநூல்!"

தாவன் காற்றாய்ப் பறந்தது. பொந்தில் தடித்த புத்தகங்கள் இரண்டு இருந்தன. ஒன்றைத் திறந்தால் ராஜா ராணிக் கதை. "நீ இல்லை!" மற்றதில் வேர், இலை, காய் என்று பக்கம் பக்கமாக விளக்கம். "நீதான்!"

உடும்பு பக்கங்களைப் புரட்டி நீலக் காயைக் கண்டுபிடித்தது. அதில் சொன்னபடி குளத்தோரக் கொடியின் வேரை நசுக்கிச் சாறு பிழிந்து ஊட்டியது. எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார்கள்.

குட்டியின் காது அசைந்தது. கண் திறந்தது. "அம்மா, பசிக்குது!"

தாய்மான் குட்டியை நக்கி நக்கிச் சிரித்தது. தாவன் அப்படியே புல்லில் சாய்ந்து, "அப்பாடா!" என்று நீளமாகப் பெருமூச்சு விட்டது.

தெரியாத சொல்லுக்குப் பொருள் கேட்பது வெட்கமில்லை. கேட்காமல் தெரிந்தது போல் நடப்பதுதான் ஆபத்து.