பூஜ்யத்தின் மேல் ஒரு துண்டு

மூட்டுவாத ஆராய்ச்சி நடந்த ஓர் அறையில் ஒரு கேள்வித்தாள் இருந்தது. புகைப்பழக்கம் மூட்டுகளை எவ்வளவு கெடுக்கிறது என்று அளந்து சொல்வது அதன் வேலை. கூடவே அதற்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு. தான் கேட்டால் உலகமே பதில் சொல்லிவிடும் என்று நினைத்துக்கொண்டிருந்தது, பாவம்.

ஒருநாள் தையற்காரர் இருதயராஜ் வந்தார். விரல் மூட்டுகள் வீங்கி, ஊசியில் நூல் கோக்க முடியவில்லை. வலி மாத்திரைக்கும் கேட்கவில்லை. இப்படியே போனால் கடையை மூட வேண்டியதுதான் என்று மருத்துவர் ஷம்ஷாத்திடம் சொல்லிக் கண்கலங்கினார்.

மருத்துவர் தாளைப் பார்த்துக் கேட்டார். "ஒரு நாளைக்கு எத்தனை பாக்கெட் சிகரெட் பிடிப்பீங்க?"

"பாக்கெட்டா? என் ஜென்மத்துல வாங்கினதில்லைங்க டாக்டர்."

தாள் திருப்தியாகப் பூஜ்யம் போட்டுக்கொண்டது. புகை இல்லாமலே இந்தப் பாடு என்றால் இன்னும் கடுமையான மருந்துதான் வழி என்று மருத்துவர் யோசித்தார். இருதயராஜிடம் எடுத்த இரத்தம் குழாய்க்குள் தாளின் பக்கத்தில் வந்து நின்றது.

"என்னிடம் புகை இருக்கிறது" என்றது இரத்தம்.

"அப்படியானால் மனுஷன் பொய் சொல்கிறாரா?"

"இல்லை. நீ கேட்டதற்குச் சரியான பதிலைத்தான் சொன்னார்."

எத்தனை வருஷத்துப் புகை என்று தாள் அதட்டியது. அது தனக்குத் தெரியாது என்று இரத்தம் ஒப்புக்கொண்டது. அண்மையில் இழுத்த புகைதான் அதனிடம் தங்குமாம். பழைய கதையை அவரைத்தான் கேட்க வேண்டுமாம்.

தாளுக்குச் சுருதி இறங்கிவிட்டது. தன் மேல் ஊன்றியிருந்த இருதயராஜின் வீங்கிய விரலிடம் கேட்டது. "புகை போனது நெஞ்சுக்கு. எங்கேயோ இருக்கும் உனக்கு எப்படித் தெரிந்தது?"

விரல் மெதுவாகச் சொன்னது. "நெஞ்சுக்குள் எங்கள் சொந்தக்காரர்கள் இருக்கிறார்கள். புகை பட்டுப் பட்டு அவர்கள் முகம் மாறிவிட்டது. உடம்பின் காவல்காரர்கள் அவர்களை அந்நியர் என்று நினைத்துக்கொண்டார்கள். அந்தச் சாயலைத் தேடிக்கொண்டு ஊரெல்லாம் சுற்றினார்கள். வருஷங்கள் கழித்து என் வாசலுக்கும் வந்து, அதே சாயலைக் கண்டு என்னை அடிக்கத் தொடங்கினார்கள்."

ஒரு மனித உடம்புக்குள் இவ்வளவு தூரம், இவ்வளவு ஞாபகம். அதையா இரண்டு வரிக் கட்டத்துக்குள் அடைக்கப் பார்த்தோம் என்று அதற்கு மலைப்பாக இருந்தது.

அடுத்த முறை இருதயராஜ் வந்தபோது, இரத்தம் சொன்னது பரிசோதனை முடிவு வழியாக மருத்துவருக்கும் தெரிந்திருந்தது. இந்தத் தடவை அவர் தாளைக் குப்புறக் கவிழ்த்து வைத்துவிட்டு, சிகரெட்டை எப்படி வாங்குவீர்கள் என்று மட்டும் கேட்டார்.

"ஒண்ணு ஒண்ணாத்தாங்க. பெட்டிக்கடையில தொங்குற நெருப்புக் கயித்துலயே பத்த வச்சுக்குவேன். பாதிய அணைச்சு அப்புறத்துக்கு வச்சுப்பேன். மிஷின்ல உக்காந்த நாள்லேருந்து இப்படித்தான்."

புகை உள்ளே போய்க்கொண்டிருக்கும்வரை மாத்திரை தனியாக மல்லுக்கட்டுகிறது என்று மருத்துவர் விளக்கினார்.

"விட்டுட்டா ஊசி கோத்துடுவேனா?"

"சத்தியம் பண்ண முடியாது. ஆனா மருந்துக்கு ஒரு வழி கெடைக்கும்."

இருதயராஜ் வெகுநேரம் தன் விரல்களையே பார்த்தார். பிறகு சட்டைப்பையிலிருந்து அணைத்து வைத்த பாதி சிகரெட்டை எடுத்தார், தாளைத் திருப்பினார், அதன் மேல் வைத்துவிட்டு எழுந்தார்.

அது கிடந்தது பூஜ்யத்தின் மேல். அவ்வளவு சின்னத் துண்டின் கனத்தைத் தாளால் தாங்க முடியவில்லை.